எடைச்சீட்டு இல்லாத நகைக்கடை: கார்த்தியே குடும்பத்தின் கதை

நம் ஊர்க் கடைத்தெருவில் நடந்தால் 'அண்ட் சன்ஸ்' என்று முடியும் பெயர்ப்பலகை ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. நகைக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று எதுவாகவும் இருக்கும். இன்று வாங்கிப்போகும் பொருளில் குறை இருந்தால், பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் பதில் சொல்ல இந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பான் என்பதுதான் அந்த இரண்டு சொல்லின் பொருள்.

1898-ஆம் ஆண்டு பாரீஸில் ஒரு நகைக்கடையின் பெயரோடு அதே சொல் சேர்ந்தது. 'அல்ஃப்ரெட் கார்த்தியே ஏ ஃபிஸ்', அதாவது அல்ஃப்ரெட் கார்த்தியேயும் மகனும். ஆங்கில வழியில் நாம் கார்ட்டியர் என்று சொல்லிப் பழகிய அதே நிறுவனம்தான். கடைக்கு அப்போது 51 வயது. ஊருக்குத் தெரிந்த கடை. ஆனால் உலகம் அறிந்த கடை அல்ல. அடுத்த முப்பது ஆண்டுகளில் லண்டன், நியூயார்க், பாட்டியாலா என்று அதன் பெயர் போய்ச் சேர்ந்த விதத்தைப் பார்த்தால், அவர்கள் கையில் இருந்த பெரிய மூலதனம் வைரம் அல்ல, மூன்று அண்ணன் தம்பிகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைச் சொல்ல, ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

நிறுவனர் லூயி ஃபிரான்சுவா கார்த்தியே 1819-இல் பிறந்தவர். உலோக வேலைக்காரரின் மகன். பாரீஸில் அடோல்ஃப் பிக்கார் என்ற நகைக்காரரின் பட்டறையில் தொழில் கற்றார். 1847-இல் முதலாளி வேறு இடம் பார்த்துக்கொண்டு போனபோது, மோந்தோர்கேய் தெரு 29-ஆம் எண்ணில் இருந்த அந்தப் பட்டறையை இவர் எடுத்துக்கொண்டார். அந்தத் தெருவை இன்றைய நகை விளம்பரங்களின் வெளிச்சத்தில் கற்பனை செய்யக் கூடாது. பாரீஸின் பெரிய சந்தைக்குப் பக்கத்தில், சிப்பி மீன் விற்கிற, வண்டிச் சத்தம் ஓயாத தெரு அது. அந்தக் காலத்திலேயே தன் முத்திரையையும் பதிவு செய்தார்: சாய்சதுரக் கட்டத்துக்குள் எல், சி என்ற இரண்டு எழுத்துகள், நடுவே ஓர் இதயச் சின்னம்.

முத்திரை பதிவானது என்றதும் மேதை ஒருவர் சுத்தியலோடு உட்கார்ந்து புதுப்புது நகைகளைப் படைத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் அரை நூற்றாண்டில் கார்த்தியே கடை பெரும்பாலும் வாங்கி விற்கிற கடைதான். பிற பட்டறைகளில் செய்த நகைகளை எடுத்து வந்து வைத்தார்கள். அவற்றோடு வெண்கலச் சிலை, பீங்கான், தந்த வேலைப்பாடு, கைவிசிறி என்று அலங்காரப் பொருள் எல்லாமே விற்றார்கள். லூயி ஃபிரான்சுவாவின் திறமை கையில் இருந்ததைவிடக் கண்ணில் அதிகம் இருந்தது. எது நல்ல வேலைப்பாடு, அதை யாரிடம் விற்கலாம் என்ற இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தன.

கடை திறந்த மறு ஆண்டே, 1848-இல், பாரீஸில் புரட்சி. தெருவில் தடுப்பரண் போட்டுச் சண்டை நடக்கும்போது யார் ஒட்டியாணம் வாங்க வருவார்கள்? எப்படியோ தாக்குப்பிடித்தார். மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்கு வந்து மீண்டும் அரசவை, விருந்து, நடனம் என்று ஊர் மினுங்கத் தொடங்கியபோது, 1853-இல் அரண்மனை வட்டாரத்துக்குக் கிட்டே கடையை மாற்றினார். கொஞ்ச காலத்தில் நியூவெர்கெர்க் சீமாட்டி வாடிக்கையாளர் ஆனார். அவர் கணவர் பேரரசின் கலைத்துறைத் தலைவர். அந்தக் கணவருக்கும் பேரரசரின் ஒன்றுவிட்ட சகோதரி இளவரசி மத்தில்துக்கும் இருந்த உறவு ஊரறிந்த ரகசியம். 1856-இல் மத்தில்தும் கார்த்தியேயிடம் வாங்கத் தொடங்கினார். காலப்போக்கில் அவர் வாங்கியவை இருநூறு உருப்படிக்கு மேல். மனைவியும் காதலியும் ஒரே கடையில் கணக்கு வைத்திருந்தார்கள் என்றால், கல்லாவில் இருந்தவர் எவ்வளவு வாய் அடக்கமானவராக இருந்திருக்க வேண்டும்! நகைத் தொழிலில் இதுவும் ஒரு மூலதனம்தான். 1859-இல் கடை இத்தாலியன் பூல்வார் என்ற அகன்ற வீதிக்குப் போனது. பேரரசி யூஜினியே அங்கு வெள்ளித் தேநீர்ச் செட் ஒன்று வாங்கினார்.

1870-இல் பிரஷ்யாவுடன் போர், தோல்வி, பேரரசு கவிழ்ந்தது. யூஜினி இங்கிலாந்துக்கு ஓடினார். பின்னால் வந்த குடியரசு 1887-இல் பிரெஞ்சு மணிமுடி நகைகளையே ஏலம் போட்டது. அதில் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு போனது நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடை. பழைய ராணிகளின் நகை இனி அமெரிக்க ரயில்வே முதலாளிகளின் மனைவிமார் கழுத்துக்குப் போகும் என்பதை அந்த ஏலமே சொல்லிவிட்டது. 1874-இல் பொறுப்புக்கு வந்திருந்த மகன் அல்ஃப்ரெட் பரபரப்பில்லாத மனிதர். இருப்பதைக் கெடுக்காமல் காத்து, கொஞ்சம் கூட்டிவைத்தார். குடும்ப வியாபாரத்தில் இப்படி ஒரு தலைமுறை இருந்தால்தான் அடுத்த தலைமுறை துணிந்து காலெடுத்து வைக்க முடியும். ஆனால் கதை சொல்பவர்கள் இவரைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நானும் அதையே செய்கிறேன்.

அல்ஃப்ரெட்டுக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்தவர் லூயி பிறந்தது 1875-இல், நடுவில் பியர் 1878-இல், கடைக்குட்டிப் பையன் ஜாக் 1884-இல். லூயிக்கு 1898-இல் கல்யாணம் நடந்தது. பெண், அந்தக் காலத்து ஆடை உலகின் சக்கரவர்த்தி சார்ல்ஸ் ஃபிரெடரிக் வொர்த்தின் பேத்தி. வொர்த்தின் ஆடைக்கூடம் இருந்தது ரூ த லா பே என்ற தெருவில். அமெரிக்கக் கோடீசுவரர்களின் மனைவியரும் மகள்களும் கப்பல் ஏறி வந்து வருட உடுப்புகளைத் தைத்துக்கொண்டு போகும் இடம். மறு ஆண்டு, 1899-இல், கார்த்தியே கடை அதே தெருவில் 13-ஆம் எண்ணுக்கு வந்தது. கவுன் அளவு கொடுத்துவிட்டு வெளியே வருகிற பெண்மணி நான்கு எட்டு வைத்தால் நகைக்கடை. அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் விருப்பத்துக்கு அதிக இடம் இருந்ததாகத் தெரியவில்லை. சுமார் பத்தாண்டில் அது முறிந்தது. தெரு மட்டும் நிலைத்தது. பின்னாளில் மகள் சுசானையும் வொர்த் குடும்பத்துக்கே கொடுத்தார்கள். கொடுத்து எடுத்துச் சம்பந்தம் செய்வது நம் வியாபாரக் குடும்பங்களுக்கு மட்டுமே தெரிந்த வித்தை இல்லை.

இங்கே சற்று நின்று ஒரு தொழில்நுட்பத்தைப் பார்க்க வேண்டும். லூயி வந்த பிறகுதான் கார்த்தியே நகை என்று தனியாக ஒன்றை அடையாளம் காட்ட முடிந்தது. அதற்குக் காரணம் பிளாட்டினம்.

19-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவில் வைரத்தை வெள்ளியில் பதிப்பதே வழக்கம். மஞ்சள் தங்கத்தில் வைத்தால் கல்லில் மஞ்சள் அடிக்கும் என்பதால் மேலே வெள்ளி. வெள்ளி கறுத்து உடுப்பிலும் தோலிலும் படியும் என்பதால் அடியில் தங்கத் தகடு. வெள்ளியோ மெத்தென்ற உலோகம். கல் விழாமல் பிடிக்க வேண்டுமென்றால் தடியாக வைத்தாக வேண்டும். ஆகவே வைரத்தைவிட அதைச் சுற்றிய உலோகமே கண்ணை நிறைத்தது, நகை கனத்தது. பிளாட்டினம் கறுக்காது. முடி போன்ற மெல்லிய கம்பியாக இழுத்தாலும் கல்லை விடாது. ஆனால் அது உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளிக்கு 962 போதும். ஊதுகுழலை வாயில் வைத்து விளக்குச் சுடரில் பற்றவைக்கிற பழைய ஆசாரிகளின் வித்தை அதனிடம் பலிக்காது. ஆக்சிஜன் கலந்த சுடர் வந்த பிறகே நகைப் பட்டறைகள் அதைத் துணிந்து தொட்டன. பிளாட்டினத்தைக் கையாண்ட முதல் ஆள் லூயி இல்லை. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததை ஒரு பாணியாகவே ஆக்கியவர் அவர்.

அவருடைய வரைவாளர்களுக்கு அவர் இட்ட வேலை சுவையானது. நோட்டுப் புத்தகத்தோடு பாரீஸ் தெருக்களில் சுற்றி, 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களின் இரும்புப் பால்கனிக் கம்பிகள், கதவின் மேல் செதுக்கிய பூமாலைகள் ஆகியவற்றை வரைந்து வரச் சொன்னார். அந்த மாலை, முடிச்சு, இலைக்கொடி எல்லாம் பிளாட்டினத்தில் வைரம் வைத்து மார்பில் ஏறின. ஓரங்களில் கடுகைவிடச் சிறிய மணிகளை வரிசையாக உருட்டி, உலோகத்தின் விளிம்பே கண்ணுக்குத் தெரியாமல் மழுப்பிவிட்டார்கள். வெளிச்சம் பின்பக்கத்திலிருந்தும் கல்லுக்குள் புகுந்தது. சென்னையில் வைரத்தோடு வாங்கப் போனால் 'ஓப்பன் செட்டிங்கா, குளோஸ்டு செட்டிங்கா' என்று கேட்பார்களே, அதில் முதல் வகையின் உச்சம் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பாட்டிமார் மதிப்போடு சொல்லும் 'புளூ ஜாகர்' தோட்டுக்கும் இந்தப் பாரீஸ் கதைக்கும் ஓர் ஒட்டு உண்டு. அந்த ஜாகர், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கம். 1860-களின் கடைசியிலிருந்து தென்னாப்பிரிக்காவில் வைரம் கொட்டத் தொடங்கியதால்தான், பழைய ராஜ குடும்பம் இல்லாதவர்களும் வைரம் பூணும் காலம் வந்தது. கார்த்தியேயின் வாடிக்கையாளர் பட்டியல் நீண்டதற்கும், மயிலாப்பூரில் ஒரு மாமியின் காதில் நீல ஒளி அடித்ததற்கும் ஊற்று ஒன்றுதான்.

பிளாட்டினம் இன்னொரு வேலையும் செய்தது. இதைத்தான் முக்கியம் என்பேன். நாம் நகை வாங்கினால் சீட்டில் என்ன இருக்கும்? எடை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம், கல்லுக்குக் கழித்த எடை. கூட்டிக் கழித்துப் பார்த்து, பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டு, பேரம் பேசுவோம். ரூ த லா பே நகையில் உலோகத்தின் எடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பார்க்கவே தெரியாத கம்பி. விலை கல்லுக்கும் வரைவுக்கும் கடையின் பெயருக்கும். எடைச்சீட்டைக் கிழித்துப் போட்ட கடைதான் ஆடம்பர நகைக்கடை. சீட்டு இல்லாத இடத்தில் வாங்குபவர் எதை நம்புவார்? எதிரே நிற்கிற ஆளை. அவருடைய பெயரும் பலகையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருந்தால் நம்பிக்கை இன்னும் எளிது.

அதனால்தான் லண்டனில் கிளை என்றதும் மேனேஜரை அனுப்பாமல் தம்பியை அனுப்பினார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா. அவர் இளவரசராக இருந்தபோதே பாரீஸ் வாடிக்கையாளர். பிரபுக்களின் மனைவிமார் எல்லோருக்கும் தலைக்கு டியாரா என்ற சிறு கிரீடம் வேண்டியிருந்தது. கார்த்தியேக்கு மட்டும் 27 டியாராவுக்கு ஆர்டர் வந்தது என்பார்கள். அந்த ஆண்டே லண்டன் கடை திறந்தது. பியர் பார்த்துக்கொண்டார். 1904-இல் அரச நகைக்காரர் என்ற ஆணை கிடைத்தது. 'ராஜாக்களின் நகைக்காரர், நகைக்காரர்களின் ராஜா' என்று எட்வர்ட் சொன்னதாக ஒரு வாசகத்தை எல்லா விளம்பரமும் தூக்கிப் பிடிக்கும். சொன்னாரோ இல்லையோ, நல்ல கடைக்காரன் இப்படி ஒரு வாசகத்தைக் கீழே விழ விடமாட்டான். 1906-இல் லண்டன் ஜாக்கின் பொறுப்புக்கு வந்தது. பியர் 1909-இல் நியூயார்க்கில், ஐந்தாம் அவென்யூவில் கடை போட்டார். பாரீஸ் லூயிக்கு. சிறுவயதிலேயே மூவரும் உலக வரைபடத்தை விரித்துப் பென்சிலால் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

சம்பந்தங்களும் அந்த வரைபடத்தின்படியே அமைந்தன. பியர் 1908-இல் அமெரிக்கச் செல்வக் குடும்பத்துப் பெண் எல்மா ரம்சியை மணந்தார். நியூயார்க் கதவு திறந்தது. ஜாக்கின் கதை மட்டும் வேறு. அவர் மனதைப் பறிகொடுத்த நெல்லி ஹார்ஜஸின் அப்பா, பாரீஸில் ஜே. பி. மார்கனின் வங்கிப் பங்குதாரர். 'கடைக்காரன் என் பெண்ணுக்கா, பணத்துக்கா வருகிறான்' என்ற சந்தேகம் அவருக்கு. ஓர் ஆண்டு பொறு, பிறகு பார்க்கலாம் என்றார். காத்திருக்கும் அந்த வருடத்தில்தான் ஜாக் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1912-இல் கல்யாணம் நடந்தது. பெண்ணின் சொத்தைத் தொழிலுக்குத் தொடமாட்டேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார்.

இந்தியப் பயணத்துக்கு முன் முத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 1910 வாக்கில் நகை உலகின் சிகரத்தில் இருந்தது வைரம் அல்ல, முத்து. வளர்ப்பு முத்து சந்தைக்கு வராத காலம். கடலடியில் மூச்சடக்கிக் கிடந்து அள்ளிய சிப்பிகளில் வெகு சிலவற்றில்தான் முத்து இருக்கும்; அதிலும் உருண்டையாக, நீரோட்டத்தோடு இருப்பது அரிது. ஒரே நிறம், ஒரே பளபளப்பு, படிப்படியாக அளவு ஏறும் ஒரு சரம் கோக்க வருடக்கணக்கில் சேர்க்க வேண்டும். தூத்துக்குடியும் மன்னாரும் அறிந்த பாடுதான். பாரீஸ் வியாபாரிகளின் கண் அப்போது பாரசீக வளைகுடாவில் இருந்தது. 1912-இல் ஜாக் பஹ்ரைனுக்குப் போய் அரபு முத்து வியாபாரிகள் நடுவே உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இருக்கிறது. நீண்ட அங்கியும் தலைத்துணியும் அணிந்தவர்கள் சுற்றிலும். நடுவில் சூட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர்.

நியூயார்க்கில் மார்ட்டன் பிளான்ட் என்ற ரயில்வே முதலாளியின் வாரிசு, ஐந்தாம் அவென்யூவும் 52-ஆம் தெருவும் சேரும் மூலையில் மாளிகை கட்டியிருந்தார். சுற்றிலும் கடைகள் வந்து தெருவின் அமைதி கெட்டதால் வேறு இடத்துக்குப் போக நினைத்தார். அவருடைய இளம் மனைவி மேய்ஸிக்குக் கார்த்தியே கடையில் ஒரு முத்துமாலை மேல் கண். இரட்டைச் சரம், ஒன்றில் 55, மற்றொன்றில் 73. விலை பத்து லட்சம் டாலர். 1917-இல் பேச்சு முடிந்தது: மாலையும் நூறு டாலர் ரொக்கமும் பிளான்டுக்கு, மாளிகை கார்த்தியேக்கு. ஒரு மூலை வீட்டை ஒரு கழுத்து மாலைக்கு எழுதிக்கொடுத்ததில் அன்று யாரும் பிளான்டை ஏமாளி என்று நினைத்திருக்கமாட்டார்கள். சரியான மாற்று, சொல்லப்போனால் மாலைதான் ஒரு படி மேல்.

ஜப்பானில் மிகிமோட்டோ 1893-இல் அரைக்கோள முத்தைச் சிப்பிக்குள் வளர்த்துக் காட்டியிருந்தார். 1920-களில் முழு உருண்டை வளர்ப்பு முத்துகள் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைந்தன. அவற்றை முத்து என்று சொல்லவே கூடாது என்று பாரீஸில் வழக்கெல்லாம் நடந்தது. பிறகு 1929-இன் பொருளாதாரச் சரிவு. இயற்கை முத்தின் விலை கிணற்றில் போட்ட கல்லாகப் போனது. மேய்ஸி இறந்த பிறகு 1957-இல் அந்த இரட்டைச் சரம் ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது ஒன்றரை லட்சம் டாலர் அளவுதான். மாளிகை அதே இடத்தில் இன்றும் கார்த்தியே கடையாக நிற்கிறது. பியர் இதை முன்கூட்டியே கணித்துச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். முத்தின் மேல் அவருக்கும் அதே நம்பிக்கை இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது கடைக்கு ஓர் இடம், அவ்வளவே.

பியருக்குக் கதை விற்கத் தெரியும். கோல்கொண்டா பக்கத்திலிருந்து போன நீல வைரம், ஹோப் வைரம், 1910-இல் அவர் கைக்கு வந்தது. அதைச் சுற்றியிருந்த சாபக் கதைகளுக்கு மேலும் நெய் ஊற்றி, துரதிருஷ்டம் தனக்கு அதிருஷ்டம் என்று நம்பிய எவலின் வால்ஷ் மெக்லீன் என்ற சீமாட்டிக்கு மறு ஆண்டு 1,80,000 டாலருக்கு விற்றார். பணம் வசூலாக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. லாபத்தைவிட, அந்த வைரத்தோடு செய்தித்தாள்களில் வந்த கார்த்தியே பெயர்தான் அவருக்குக் கூலி.

ஜாக் வேறு மாதிரி. மூவரில் கல்லை உண்மையாகவே நேசித்தவர். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜின் டெல்லி தர்பார். மகாராணிகளுக்கு விற்கலாம் என்று பெண்கள் நகைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தவர், இறங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டார்: இங்கே நகை வாங்குவதும் பூணுவதும் ராஜாக்கள். அந்த ராஜாக்களோ பாரீஸில் எல்லோரும் வைத்திருக்கும் பாக்கெட் கடிகாரத்தைக் கேட்டார்கள். கொண்டுவந்த சரக்கை வைத்துக்கொண்டு விழித்திருப்பார் பாவம். ஆனால் விற்க வந்தவர் வாங்குபவராக மாறியதில்தான் பயணம் பலித்தது. இந்தியக் கல் வியாபாரிகளிடம் இலையாக, பூவாக, பழமாகச் செதுக்கிய மரகதம், மாணிக்கம், நீலம் கிடைத்தன. ஐரோப்பாவில் பட்டை தீட்டாத கல் கல்லே அல்ல. ஒளி சிதற வேண்டும். இந்தியச் செதுக்கு வேலையில் நிறம்தான் பேசும். அந்தக் கற்களைப் பாரீஸுக்குக் கொண்டுபோய், பிளாட்டினத்தில் வைரத்தோடு கொடிகொடியாகக் கோத்தார்கள். பச்சை, சிவப்பு, நீலம் மூன்றும் மோதுகிற அந்தக் கலவையை இன்று 'டுட்டி ஃப்ரூட்டி' என்கிறார்கள். பெயர் பல பத்தாண்டுகள் கழித்து ஒட்டியது. நம்முடைய கெம்பும் பச்சையும் வைத்த நகையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த நிறச் சேர்க்கையில் பெரிய அதிர்ச்சி இருக்காது. பாரீஸுக்கு அது இடி.

எதிர்த்திசையிலும் ஓட்டம் இருந்தது. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் 1925-இல் தன் பரம்பரைக் கற்களைப் பாரீஸுக்கு அனுப்பி, புதுப் பாணியில் கட்டித் தரச் சொன்னார். 1928-இல் முடிந்த அட்டிகை கழுத்தை ஒட்டிய பட்டையிலிருந்து ஐந்து வரிசைப் பிளாட்டினச் சங்கிலியாக மார்பு முழுக்க இறங்குவது. மொத்தம் 2,930 வைரங்கள். நடுவில் 234.65 கேரட் டி பீர்ஸ் வைரம். தென்னாப்பிரிக்காவில் 1888-இல் கிடைத்து, 1889 பாரீஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டு, பூபிந்தரின் தந்தை வாங்கிய வெளிர்மஞ்சள் கல் அது. கிழக்கே போனது, கட்டுவதற்கு மறுபடி மேற்கே வந்தது. மகாராஜா பூண்ட படத்தில் பார்த்தால் நகைக்கு மேல் ஒரு தலையும் கீழே ஒரு மனிதரும் இருப்பது போலத் தெரியும்.

1948 வாக்கில் பாட்டியாலாக் கருவூலத்திலிருந்து அட்டிகை மறைந்தது. டி பீர்ஸ் வைரம் மட்டும் 1982-இல் ஜெனிவா ஏலத்தில் தலைகாட்டியது. 1998-இல் லண்டனில் அட்டிகையின் எலும்புக்கூடு கிடைத்தது: சங்கிலிகளும் சின்னக் கற்களும் இருந்தன, பெரிய கற்களின் இடமெல்லாம் பொக்கை. கார்த்தியே அதை வாங்கி, ஓட்டைகளுக்கு மாற்றுக் கற்கள் வைத்து வடிவத்தை மீட்டது.  

கடிகாரங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். விமானம் ஓட்டும்போது சட்டைப்பையைத் துழாவ முடியவில்லை என்ற சாந்தோஸ் துமோனுக்காக 1904-இல் லூயி செய்த கைக்கடிகாரம், 1917-இல் வரைந்த 'டேங்க்' கைக்கடிகாரம், கண்ணாடிக்குள் முள் அந்தரத்தில் மிதப்பது போன்ற மாய மேசைக் கடிகாரம். மாய வித்தை இதுதான்: முள் ஒட்டியிருப்பது கண்ணாடித் தட்டில், பல் வைத்த அதன் விளிம்பு சட்டத்துக்குள் மறைந்து சுற்றுகிறது. 1912-இல் அதைச் செய்த மோரிஸ் கூயேயின் நுணுக்கத்தைக் கடை விற்பனையாளர்களிடம்கூடச் சொல்லவில்லை.

கூயேக்காவது பெயர் மிஞ்சியது. பதித்தவர்கள், மெருகிட்டவர்கள், முத்துக் கோத்த பெண்கள், தனிப் பட்டறைகளில் உட்கார்ந்து கார்த்தியே நகைகளைச் செய்த நூற்றுக்கணக்கான கைகள் எல்லாம் ஒரே கையெழுத்துக்குள் போய்விட்டன. அந்த நகைகளுக்குள் பெரும்பாலும் ஆன்றி பிக் போன்ற வெளிப் பட்டறைக்காரர்களின் முத்திரைதான் பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து மேலே நின்றவர் என்றால் ஜான் தூசேன். நகை வரையத் தெரியாத பெண்மணி. ரசனைக்காக மட்டும் 1933-இல் லூயி அவரைப் படைப்புத் துறைக்குத் தலைவராக்கினார். இன்று அந்த நிறுவனத்தின் சின்னமாகவே ஆகிவிட்ட சிறுத்தை வடிவத்தை வளர்த்தெடுத்தவர் அவர்தான்.

மூன்று ஊர்களுக்கும் நடுவே கடிதமும் தந்தியும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஓர் ஊரில் விற்காத கல் இன்னோர் ஊருக்குப் போகும். யார் வாடிக்கையாளர் எங்கே வருகிறார், என்ன பாக்கி, யாருக்குக் கல்யாணம், யாருக்கு விவாகரத்து என்று தகவல் ஓடும். லூயி முன்கோபி, பியர் கணக்கு, ஜாக் நிதானம். சண்டையும் இருந்தது, ஆனால் ஒருவர் ஊரில் மற்றவர் கை வைப்பதில்லை. இந்த ஏற்பாடு எழுத்தில் இருந்ததைவிட மூன்று பேரின் உயிரில் இருந்தது. ஜாக் 1941-இல் இறந்தார், லூயி 1942-இல், பியர் 1964-இல்.

அடுத்த தலைமுறை ஒன்றுவிட்டவர்கள். ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளராதவர்கள். லூயியின் மகன் நியூயார்க் கடையை 1962-இல் விற்றார். பியரின் மகளிடம் இருந்த பாரீஸும் அதே பத்தாண்டில் கைமாறியது. ஒரே பெயரில் மூன்று ஊரில் மூன்று வேறு முதலாளிகள் என்ற விசித்திர நிலை சில ஆண்டுகள் நீடித்தது. கடைசியாக ஜாக்கின் மகன் ஜான் ஜாக் 1974-இல் லண்டன் கடையை விற்றுவிட்டு ஒதுங்கினார். சிதறியவற்றை 1970-களில் வாங்கி ஒன்று சேர்த்தவர்கள் வெளியாட்கள். இன்று அது ரிஷ்மோன் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கையில் இருக்கிறது. அதன் கடிவாளம் தென்னாப்பிரிக்காவின் ரூபர்ட் என்ற இன்னொரு குடும்பத்திடம். வைரம் வந்த ஊருக்கே கடையும் போய்விட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

2009-இல் ஜான் ஜாக்கின் தொண்ணூறாவது பிறந்தநாள். ஷாம்பெயின் எடுத்து வரச் சொல்லிப் பேத்தியை நிலவறைக்கு அனுப்பினார்கள். புட்டி வைத்த இடம் தெரியாமல் தேடிய அவர், மூலையில் தூசி படிந்த பழைய டிரங்குப் பெட்டி ஒன்றைக் கண்டார். திறந்தால் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று ஊரிலிருந்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை. கடைகளை விற்றபோது எந்தக் கணக்கிலும் ஏறாமல் வீட்டோடு நின்றுபோன சொத்து அது.